மரம்: ஒன்றாம் கட்டமா, இரண்டாம் கட்டமா?

பனியன்_ஊர்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு சின்னத் தகராறு, பஞ்சாயத்துக்கு வந்திருக்கிறேன்.

மகள் இரண்டாம் வகுப்பு, ஆங்கில வழி. வீட்டுப்பாடமாக ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் மூன்று கட்டம்: ஒரு சிலபிள் சொல், இரண்டு சிலபிள் சொல், மூன்றும் அதற்கு மேலும். சொல்லைச் சொல்லிக்கொண்டே கைதட்டி, எத்தனை தட்டு விழுகிறதோ அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். சன் ஒன்று, ஆப்பிள் இரண்டு, எலிஃபன்ட் மூன்று. அதுவரை சரி. ஸ்கூல் வந்ததும் பாப்பா 'இஸ்-கூல்' என்று இரண்டு தட்டு தட்டி இரண்டாம் கட்டத்தில் எழுதிவிட்டாள். ஒன்றுதான்டி என்றால், "நீயே சொல்லிப் பாரும்மா" என்கிறாள். சொல்லிப் பார்த்தேன். எனக்கும் இஸ்கூல் என்றுதான் வருகிறது!

தாளின் பின்பக்கத்தில் 'தாய்மொழிச் சொற்கள்' என்று இன்னொரு மூன்று கட்டம். பூ, அம்மா, மரம், வாழைப்பழம் எழுதியிருந்தாள். மரத்துக்கு 'ம-ரம்' என்று இரண்டு தட்டு. இங்கேதான் மாமனார் உள்ளே புகுந்தார். அவர் வெண்பா எழுதுகிறவர், கும்பாபிஷேக மலருக்கெல்லாம் எழுதிக் கொடுப்பார். "மரம் நிரையசை. ஓரசைச் சீர். அழிச்சுட்டு ஒண்ணாம் கட்டத்துல போடு" என்கிறார். அம்மா மட்டும் அவர் கணக்கிலும் இரண்டுதானாம். காதுக்கு அம்மாவும் மரமும் ஒரே அளவாகத்தானே கேட்கிறது?

யார் சொல்வது சரி? அப்புறம், சொற்களை இப்படி எண்ணிப் பிரிக்கிற வழக்கம் தமிழில் உண்டா, அல்லது இது இங்கிலீஷ்காரன் விளையாட்டு மட்டும்தானா?

---

சும்மா_வந்தவன்

டீச்சர் என்ன எதிர்பார்க்கிறாரோ அதை எழுதி அனுப்புங்கள், ஸ்டார் கிடைக்கும். மாமனாரைச் சமாளிப்பது உங்கள் பாடு.

---

பேச்சுப்பயிற்சி_நெல்லை

நான் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். சொற்களைச் சிலபிள் கணக்கில் அடுக்கி வைப்பது எங்கள் அன்றாட வேலை. பயிற்சிக்குப் படம் எடுக்கும்போது பூ, கல், பால் முதலில். பிறகு அம்மா, மரம், பாட்டி. அதற்கும் பிறகுதான் கதவிலக்கம், வாழைப்பழம் வகையறா. நீளம் கூடக்கூட வாய் செய்ய வேண்டிய வேலையும் கூடும்.

உங்கள் கேள்விக்கு நேரடி பதில்: அந்தத் தாள் கேட்பது சிலபிள். மரம் இரண்டு. பாப்பா சரி.

கைதட்டில் சந்தேகம் வந்தால், புறங்கையைத் தாடைக்கு அடியில் ஒட்டி வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். உயிர் ஒலி வருகிற ஒவ்வொரு தடவையும் தாடை இறங்கி கையில் தட்டும். 'உ' மாதிரி ஒலிகளுக்கு லேசாகத்தான் தெரியும். குழந்தைக்கு ஆரம்பத்துக்கு இது போதும்.

தமிழில் எழுதிப் பார்த்தால் இன்னும் சுலபம். புள்ளி வைத்த எழுத்தையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மீதியை எண்ணுங்கள், அதுதான் சிலபிள். மரம்: ம, ர, இரண்டு. வாழைப்பழம்: வா, ழை, ப, ழ, நான்கு. ஆங்கிலச் சொல்லைக்கூட உச்சரிப்பு மாறாமல் தமிழில் எழுதினால் எண்ணிவிடலாம். இங்கிலீஷில் ஒரே சிலபிளுக்குள் ஒன்பது எழுத்தை அடைத்து வைத்திருக்கிற ஒரு சொல் உண்டு: ஸ்ட்ரெங்த்ஸ். தமிழில் எழுதிப் பாருங்கள், புள்ளி இல்லாமல் நிற்பது 'ரெ' ஒன்றுதான்.

இஸ்கூல் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்ச்சொல் எதுவும் இரண்டு மெய்யோடு தொடங்காது. 'ஸ்க்' என்று ஆரம்பிக்கச் சொன்னால் நம் வாய் முன்னால் ஒரு இகரத்தைப் போட்டுக்கொள்ளும். பின்னாலும் ஒரு உகரம் ஒட்டும்: பஸ் பஸ்ஸு ஆகிறது, கார் காரு ஆகிறது. என் பாட்டி வாயில் ஸ்கூல் 'இஸ்கூலு', மூன்று சிலபிள். பாப்பா தான் சொன்னதை ஒழுங்காக எண்ணியிருக்கிறாள். எண்ணத் தெரிந்த பிள்ளைதான். உச்சரிப்பை மட்டும் 'ஸ்ஸ்ஸ்கூல்' என்று இழுத்துச் சொல்லிப் பழக்குங்கள்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் எண்ணிக்கை மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'வந்துகொண்டிருக்கிறேன்' ஏழு சிலபிள். வீட்டில் நாம் சொல்கிற 'வந்துட்டிருக்கேன்' ஐந்துதான்.

யாப்பு எனக்குத் தெரியாது. மாமனார் சொல்வது வேறு ஏதோ கணக்காக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் வாருங்கள்.

---

மெய்ப்பு_மேசை

தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் இதை வைத்துத்தான் எனக்குச் சோறு. கும்பகோணம் பக்கம் அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பக்தி நூல், பழைய பாட்டு, கல்யாண வாழ்த்துப்பா என்று வருவதில் முக்கால்வாசி செய்யுள். எண்ணாமல் ஒரு பக்கம் நகராது.

உங்கள் மாமனாருக்கு முதலில் என் வணக்கம். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, மரம் நிரையசைதான். ஆனால் அவர் எண்ணுவது வேறு பொருள்.

யாப்பில் அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. அந்த அசை இரண்டு வகை. நெடில் தனியே வந்தாலும், குறில் தனியே நின்றாலும், இவற்றின் பின்னால் ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய், ஒட்டிக்கொண்டாலும் நேர். குறிலோடு அடுத்து ஒரு குறிலோ நெடிலோ சேர்ந்து இணையாக வந்தால் நிரை. அதன் பின்னாலும் ஒற்று வரலாம். ஆக நேர் என்பது ஒரு சிலபிள். நிரை என்பது இரண்டு சிலபிள். அம்மாவில் 'அம்' என்று ஒற்று வந்து கதவை மூடிவிடுகிறது, குறில் அடுத்த எழுத்தோடு சேர வழியில்லை. அதனால் அம்/மா, நேர் நேர். மரத்தில் 'ம' திறந்தே நிற்கிறது, அடுத்த 'ர'வைச் சேர்த்துக்கொண்டு 'மரம்' என்று ஒரே நிரையாகிவிடுகிறது. காதுக்கு இரண்டும் இரண்டுதான் என்று நீங்கள் சொன்னது சரி. சிலபிள் எண்ணிக்கை ஒன்று, கட்டுமானம் வேறு.

இதை ஒரு குறளிலேயே பார்க்கலாம்.

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

சீரின் அமைப்புக்கு வைத்த மாதிரிச் சொல்லை வாய்பாடு என்பார்கள். முதல் அடியில் நாலு சீருக்கும் வாய்பாடு தேமாங்காய். துப்/பார்க்/குத் என்று எல்லாமே நேர் நேர் நேர். அசை பன்னிரண்டு, சிலபிளும் பன்னிரண்டு. இந்த அடியை மட்டும் பார்த்தால் அசையும் சிலபிளும் ஒன்றே என்று தோன்றிவிடும். இப்போது 'கற்க கசடறக் கற்பவை கற்றபின்' அடியைப் பாருங்கள். கற்/க, கச/டறக், கற்/பவை, கற்/றபின். அசை எட்டு. சிலபிள் இதிலும் பன்னிரண்டுதான்! அந்தக் கசடறவில் மட்டும் இரண்டு அசைக்குள் நான்கு சிலபிள் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஓரசை, ஈரசை, மூவசை, நாலசை என்று யாப்பில் பிரிப்பது சீரை, சொல்லை அல்ல. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்று அந்த நான்கு வகையிலும் சேர்த்து வாய்பாடு முப்பது. சீர் ஒரு சொல்லாகவும் இருக்கலாம், இரண்டு சொல் சேர்ந்ததாகவும் இருக்கலாம், அரைச் சொல்லாகவும் இருக்கலாம். 'நிலமிசை நீடுவாழ் வார்' என்பதில் வாழ்வார் நடுவில் வெட்டுப்பட்டு 'வார்' தனிச் சீராக நிற்கிறதே, அது மாதிரி. உங்கள் பாப்பாவின் மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனியே நின்றால் ஒரு நிரை. 'கருவேலமரம்' என்று ஒரே சீராக எழுதினால் கரு/வே/லம/ரம். மரம் இரண்டாகப் பிளந்து பாதி முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. கருவேல, மரம் என்று இரண்டு சீராகப் பிரித்தால் மரம் மறுபடி முழுதாக வந்துவிடும். ஆகவே 'மரம் ஓரசைச் சொல்' என்று சொல்லுக்கு முத்திரை குத்தி ஒரு கட்டத்தில் போட முடியாது. அது எந்தச் சீரில், எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சிலபிள் கணக்கு அப்படி இல்லை. கருவேலமரத்தை எப்படி வெட்டினாலும் ஆறுதான்.

தாளின் கட்டத்தில் மரம் இரண்டுதான். மாமனாரிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

சொற்களை எண்ணிப் பிரிக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டீர்கள். தொல்காப்பியத்திலேயே உண்டு. மொழிமரபில், 'ஓரெழுத்து ஒருமொழி ஈரெழுத்து ஒருமொழி இரண்டிறந்து இசைக்கும் தொடர்மொழி' என்று மூன்று கட்டம். பள்ளித் தாளில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே மூன்று கட்டம்தான், பாருங்கள்: ஒன்று, இரண்டு, இரண்டைத் தாண்டியது. நன்னூலார் இன்னும் நுணுக்கமாகப் போகிறார். ஓரெழுத்துச் சொல் நாற்பத்திரண்டு என்று கணக்கு சொல்கிறார்: ஆ, ஈ, பூ, தீ, கை, வா, போ மாதிரி நெடில் நாற்பது, நொ, து என்று குறில் இரண்டு. பகாப்பதம் ஏழு எழுத்து வரை, பகுபதம் ஒன்பது எழுத்து வரை நீளும் என்கிறார். உத்திரட்டாதி ஏழு எழுத்து, உத்திரட்டாதியான் ஒன்பது. அங்கே அவர் ஒற்றையும் சேர்த்து எண்ணுகிறார். அதனால் ஓரெழுத்து ஒருமொழியும் ஒரு சிலபிள் சொல்லும் ஒன்றல்ல: கல், பால், மண் எல்லாம் ஒரு சிலபிள், ஆனால் ஈரெழுத்து. பூ மட்டும் எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒன்று. ஒன்றாம் கட்டத்தில் அதைப் போட்டால் உங்கள் வீட்டில் எவரும் சண்டைக்கு வர முடியாது.

---

பனியன்_ஊர்_அம்மா

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தாடைக்கு அடியில் கை வைக்கிறது பாப்பாவுக்கு விளையாட்டாகப் போய்விட்டது, நேற்று ராத்திரி சோறு தின்னும்போதும் கையை எடுக்கவில்லை.

மாமனாரிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். அவரே என் போனை வாங்கிப் படித்துவிட்டார். கருவேலமரத்தை ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "துப்பார்க்குவும் பன்னிரண்டு, கற்கவும் பன்னிரண்டு என்கிறாரே, 'கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன்' எண்ணிப் பார்த்தேன், பதினாலு வருது. அப்போ அந்தக் கணக்குக்கு யாப்பில் என்ன வேலை?"

---

மெய்ப்பு_மேசை

நல்ல கேள்வி. ஐயா நேரில் இருந்தால் ஒரு காபி சொல்லியிருப்பேன்.

சிலபிள் கணக்குக்கு யாப்பில் வேலை உண்டு. அதன் பெயர் அங்கே 'ஒற்று நீக்கி எண்ணுதல்'. கட்டளைக் கலித்துறை என்று அடிக்கு ஐந்து சீர் வரும் ஒரு பாவகை உண்டு. அதில் ஒற்றை விட்டுவிட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. நெல்லைக்காரம்மா சொன்ன அதே புள்ளி எழுத்தை விடும் கணக்குதான்.

அபிராமி அந்தாதி இந்தக் கட்டளைக் கலித்துறையில்தான் இருக்கிறது. அதன் முதல் பாட்டு எல்லாருக்கும் தெரியும்.

உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்

உதிக்கின்ற நான்கு, செங்கதிர் மூன்று, உச்சித் இரண்டு, திலகம் மூன்று, உணர்வுடையோர் ஐந்து. பதினேழு. 'உதிக்' நிரை, சரியாக வந்துவிட்டது. ஆறாம் பாட்டு:

சென்னிய துன்பொன் திருவடித் தாமரை சிந்தையுள்ளே

மூன்று, இரண்டு, நான்கு, மூன்று, நான்கு. பதினாறு. 'சென்' நேர்.

என் பிழைப்பே இந்தப் பதினாறு பதினேழில்தான் ஓடுகிறது. ஒருமுறை ஒரு கோயில் வெளியீட்டுக்கு அந்தாதி மெய்ப்பு வந்தது. கணினியில் சொற்பிழை பார்த்துவிட்டோம், நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றார்கள். ஆறாம் பாட்டு முதலடியை எண்ணினேன், பதினைந்து. எங்கேயோ ஒன்று விழுந்திருக்கிறது. சீர் சீராகப் போனால், 'திருவடித் தாமரை'யில் வகரத்தை விட்டுவிட்டார்கள். 'திருடித் தாமரை'! திருடி என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தானே, கணினி வாயைத் திறக்கவில்லை. அப்படியே அச்சேறி, பௌர்ணமி அன்று நூறு பெண்கள் சேர்ந்து அம்மனை... வேண்டாம், விடுங்கள்.

ஆனால் இது எல்லாப் பிழையையும் பிடித்துவிடாது. 'உதிகின்ற' என்று ஒற்றை விழுங்கியிருந்தால் கணக்கு பதினேழாகவேதான் காட்டும். 'உணர்வுடையார்' என்று மாற்றி வைத்தாலும் அப்படியே. அதற்குக் கண்தான் வேண்டும்.

சரி, ஏன் பதினாறும் பதினேழும்? அந்தக் காலத்தில் யாரோ உட்கார்ந்து பதினாறு என்று ராசி பார்த்து வைத்ததில்லை. தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறை, தானாகக் கொண்டுவந்து விடுகிற எண் அது. ஐயாவுக்கு வெண்டளை கைப்பாடம் என்பதால் அவருக்காகவே விரித்து எழுதுகிறேன்.

நேருக்கு ஒன்று, நிரைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியின் முதல் அசையைத் தனியே எடுத்து ஓரமாக வையுங்கள். இப்போது ஒவ்வொரு சீரிலும் முதல் அசை போக மீதியையும், அடுத்த சீரின் முதல் அசையையும் சேர்த்து ஒரு கட்டாகப் பாருங்கள். மா என்றால் நேரில் முடியும் ஈரசைச் சீர், விளம் நிரையில் முடியும் ஈரசைச் சீர், காய் நேரில் முடியும் மூவசைச் சீர். மா முன் நிரை: மாவின் கடைசி நேர் ஒன்று, வரும் நிரை இரண்டு, கூட்டினால் மூன்று. விளம் முன் நேர்: விளத்தின் கடைசி நிரை இரண்டு, வரும் நேர் ஒன்று, மறுபடி மூன்று. காய் முன் நேர்: மாங்காயில் மீதி நேர் நேர், இரண்டு, வரும் நேர் ஒன்று, இதுவும் மூன்று. எப்படிப் போனாலும் மூன்று! ஐந்து சீர் அடியில் இப்படி நான்கு கட்டு, பன்னிரண்டு. கடைசிச் சீர் விளங்காயில் முடிய வேண்டும், அதில் மீதி நிரை நேர், மூன்று. ஆகப் பதினைந்து. ஓரமாக வைத்த முதல் அசை நேர் என்றால் பதினாறு, நிரை என்றால் பதினேழு. அவ்வளவுதான் ரகசியம்.

உதிக்கின்றவில் ஓட்டிப் பாருங்கள். 'உதிக்' ஓரத்தில். கின்-ற-செங், கதிர்-உச், சித்-தில, கம்-உணர், வுடை-யோர். ஐந்தும் மூன்று மூன்றாக வரும்.

விளங்காய் நடுவில் வந்தால் என்ன ஆகும்? மீதி நிரை நேர் மூன்று, வரும் நேர் ஒன்று, நான்காகிவிடும். கணக்கு எகிறும். அதனால்தான் கட்டளைக் கலித்துறையில் முதல் நான்கு சீரில் விளங்காய் கூடாது என்பது. வெண்பாவில் அந்தத் தடை இல்லை. ஐயா கேட்ட குறளில் 'கற்றதனால்' கற்/றத/னால், கூவிளங்காய், முதல் சீரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒன்று ஏறிவிட்டது. கடைசியில் 'வாலறிவன்' இன்னொரு கூவிளங்காய், அங்கே இன்னொன்று. பன்னிரண்டோடு இரண்டு, பதினாலு. துப்பார்க்குவில் விளங்காயே இல்லை. ஐயா வேறு குறள்களிலும் எண்ணிப் பார்க்கட்டும், எங்கே கணக்கு ஏறுகிறதோ அங்கே முதலில் விளங்காயைத் தேடச் சொல்லுங்கள். முதல் அசை நிரையாக இருந்தாலும் ஒன்று கூடும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குறளின் இரண்டாம் அடியில் 'நற்றாள் தொழாஅர் எனின்' என்று ஒரு அகரம் தனியாக நிற்கிறதே, அதுவும் இந்த விவகாரம்தான். 'தொழார்' என்று எழுதினால் ஒரே நிரை, ஓரசை. அடிக்கு நடுவில் ஓரசை நிற்க முடியாது. அகரத்தை நீட்டினால் தொழா/அர், நிரை நேர், புளிமா. சிலபிள் ஒன்று கூடி சீர் நிமிர்ந்துவிட்டது. சில மலிவுப் பதிப்புகளில் இதை அச்சுப்பிழை என்று நினைத்து 'திருத்தி' விடுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

---

நிரல்_தம்பி

ஐயா, இந்தத் திரியைப் படித்துவிட்டு உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினேன். அவலோகிதம் மாதிரி யாப்பு மென்பொருள் ஏற்கெனவே இருக்கிறது, தெரியும். ஆனாலும் கை அரிக்கிறதே.

முதலில் ஒரு வேடிக்கை. 'மரம்' என்ற சொல்லைக் கணினியிடம் கொடுத்து நீளம் கேட்டால் நான்கு என்கிறது. ம, ர, ம, புள்ளி என்று நான்கு குறியீடு. தமிழ் வாத்தியாரைக் கேட்டால் மூன்று எழுத்து. பாப்பாவைக் கேட்டால் இரண்டு தட்டு. தாத்தாவைக் கேட்டால் ஒரு அசை. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று! நன்னூல்படி மாத்திரை இரண்டரை, அது தனிக் கதை.

சிலபிள் எண்ணுவது பத்து வரியில் முடிந்தது. உயிரெழுத்துகளை எண்ணு, பின்னால் புள்ளி வராத மெய்க்குறிகளைக் கூட்டு. உதிக்கின்ற பதினேழு, சென்னிய பதினாறு, டாண் என்று வந்தது. அசை பிரிப்பதில்தான் மாட்டிக்கொண்டேன். ஆறாம் பாட்டில் 'சிந்தையுள்ளே' என்பதை என் நிரல் சிந்/தை/யுள்/ளே என்று நாலசை ஆக்குகிறது. நீங்கள் கடைசிச் சீர் விளங்காய் என்கிறீர்கள். எது சரி?

இன்னொரு கேள்வி, தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. ஹைக்கூவில் ஐந்து-ஏழு-ஐந்து என்கிறார்களே, அதைத் தமிழில் சிலபிளாக எண்ணினால் போதுமா?

---

மெய்ப்பு_மேசை

தம்பி, நான்கு மூன்று இரண்டு ஒன்று அருமை. அதை எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துவிட்டேன்.

சிந்தையுள்ளே விஷயம் ஐகாரக்குறுக்கம். ஐ பார்வைக்கு நெடில். சொல்லின் முதலில் வந்தால் அசை பிரிக்கும்போது நெடிலாகவே கொள்வோம். தையல் என்றால் தை/யல், நேர் நேர். ஆனால் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருகிற ஐ ஒரு மாத்திரையாகக் குறுகிவிடும். பேச்சிலேயே கேட்கலாம், 'சிந்தை' என்பதில் ஐகாரத்தை யாரும் இரண்டு மாத்திரைக்கு இழுப்பதில்லை. அதனால் அதைக் குறிலாக வைத்து அடுத்த எழுத்தோடு சேர்க்கலாம்: சிந்/தையுள்/ளே, நேர் நிரை நேர், கூவிளங்காய். நிரலில், சீரின் முதலெழுத்து அல்லாத ஐ எல்லாம் குறில் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும். ஆனால் ஒரே சீருக்குள் இரண்டாவது சொல் ஐயில் தொடங்கினால் கோளாறு செய்யும். அதற்குச் சொல் எங்கே முடிகிறது என்று நிரலுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தீர்களா, தெரியவில்லை. தை/யுள் என்று பிரித்தாலும் தையுள் என்று சேர்த்தாலும் சிலபிள் இரண்டுதான். பதினாறு ஆடவில்லை. அசை பிரிப்பதில் புலவர்களுக்குள் வழக்கு வரலாம், எண்ணிக்கையில் வழக்கு வராது. என்னைப் போல மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அதுதான் சௌகரியம்.

நிரலில் வேறு எங்கே மாட்டும் என்றால், வெண்பாவின் கடைசிச் சீர். 'முதற்றே உலகு' என்பதில் உலகு, உல/கு, மூன்று சிலபிள். கடைசியில் இருப்பது குற்றியலுகரம், குறுகி ஒலிக்கிற உகரம், என்பதால் அதை முழு அசையாக எடுக்காமல் பிறப்பு என்ற வாய்பாட்டில் அடக்குவார்கள். தொல்காப்பியர் இதற்கென்றே நேர்பு, நிரைபு என்று இரண்டு அசை தனியாக வைத்திருக்கிறார். பின்னால் வந்த யாப்பருங்கலக்காரிகைக்காரர் வழியில் அவை வெண்பா ஈற்றில் காசு, பிறப்பு என்று சுருங்கிவிட்டன. தனி நேருக்கு நாள், தனி நிரைக்கு மலர், இவற்றோடு காசு, பிறப்பு, நான்குக்கும் தனி வழி எழுதிவிடுங்கள்.

ஹைக்கூ: ஜப்பான்காரர் எண்ணுவது சிலபிள் அல்ல, மோரா என்கிற அளவு. நெடில் அவர்களுக்கு இரண்டு, ஒற்றும் ஒரு எண்ணிக்கை. நிப்பொன் என்றால் நி, ப், பொ, ன், நான்கு. நம் கணக்கில் இரண்டு. டோக்கியோவும் அவர்கள் உச்சரிப்பில் நெடில் இரண்டு கொண்டது, அதனால் நான்கு. நாம் புள்ளி எழுத்தைத் தள்ளிவிட்டு எண்ணுகிறோம், அவர்கள் அதையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அந்த ஐந்து-ஏழு-ஐந்தைத் தமிழில் சிலபிளாக எண்ணி எழுதினால் அவர்களுடையதைவிட நீளமாகத்தான் காதில் விழும். எண்ணாமல் மூன்று வரியாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

---

பேச்சுப்பயிற்சி_நெல்லை

நிரல்_தம்பி, அந்தப் பத்து வரியை இங்கே போட முடியுமா? எங்கள் படச் சொற்களை எண்ணிக்கை வாரியாக அடுக்க வேண்டியிருக்கிறது, இப்போதைக்குத் தாடையில் கைவைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

---

பனியன்_ஊர்_அம்மா

தாள் திரும்பி வந்தது. பூ, அம்மா, மரம், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் சரி. ஸ்கூலைச் சுழித்து ஒன்றாம் கட்டத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறார் டீச்சர். மாமனார் கட்டளைக் கலித்துறை எழுத ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் அடியில் பதினெட்டு வருகிறதாம், ஐயாவைக் கேட்கச் சொல்கிறார்.

---

மெய்ப்பு_மேசை

நடுவில் எங்கேயோ ஒரு விளங்காய் விழுந்திருக்கும். அடியை அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிடலாம்.